நல்லசிவத்திடம் கேட்க வேண்டிய கேள்வி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தட்டச்சு வேலையாக வந்தது.

இது 2007. நான் பகலில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். மாலை வகுப்பில் தமிழ்த் தட்டச்சு படிக்கிறேன். விருதுநகர் வக்கீல் கற்பகவல்லி தன் வழக்குகளின் வாக்குமூலங்களை எங்கள் வகுப்புக்குத்தான் அனுப்புவார். பிழை குறைவாக அடிப்பேன் என்பதால் அவற்றை என்னிடம் தருவார்கள். அப்படித்தான் பொன்மணியக்கா என் விரல் வழியாக எனக்கு அறிமுகமானார். (இந்த வாக்கியம் கொஞ்சம் அலங்காரமாக இருக்கிறது. மாற்றுவதற்கு வேறொன்று கிடைக்கவில்லை.)

வாக்குமூலத்தின் சுருக்கம் இதுதான். நாரணாபுரத்தைச் சேர்ந்த பொன்மணி, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர். வேலை நேரத்தில் குழியில் விழுந்து முதுகுத் தண்டுவடம் நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கம்பெனி நஷ்டஈடு தர மறுத்ததால் வழக்குப் போட்டிருக்கிறார். வழக்கு தோற்றால், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் மகள் செல்லக்கனி அடுத்த சீசனில் அதே மாதிரி ஒரு கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

அன்று நாட்குறிப்பில் எழுதினேன்: “இதைக் கதையாக எழுதலாம்.” அதற்கு அடுத்த வரி: “உன்னால் முடியாது.” இரண்டையும் கோடு போட்டு அடிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

“வெடிமருந்து அறையில் ஒரு பொறி பறந்தது. பொன்மணி நிமிர்ந்து பார்ப்பதற்குள் கூரை—”

கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அந்தக் கம்பெனியில் தீயே பிடிக்கவில்லை. விபத்து என்றதும் என் கை தானாக நெருப்பை எழுதிவிட்டது. எங்கள் பக்கத்தில் யார் எழுதினாலும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

நடந்தது வேறு. முந்தைய ஒரு தீபாவளி சீசன். லோடு ஏற்ற வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற லாரியின் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு எல்லா அறைகளிலிருந்தும் எல்லோரும் ஓடினார்கள். பட்டாசு அறைக்கு நாலு பக்கமும் கதவு உண்டு. எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். வேலை நேரத்தில் தாழ் போடக் கூடாது. ஓடுவதற்கென்றே கட்டிய அறை. பொன்மணியக்கா பின்கதவு வழியாக ஓடினார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டிய குழி மூடாமல் கிடந்தது.

வெறும் டயர்தான் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்தபடி திரும்பி வந்தார்கள். குழிக்குள் கிடந்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டதாக வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்தது. வழக்குக்குத் தேவையில்லை என்று வக்கீல் அதை அடித்திருந்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

3

இவ்வளவு தெரிந்த பிறகும் நெருப்புத் தொடக்கத்தை விட மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரம் போய் அவரிடமே வாசித்துக் காட்டினேன். சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சுக்கு நடுவே இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்தார். இல்லாவிட்டால் அழுத்தத்தில் புண் வந்துவிடும்.

“நெருப்பு எதுக்கு வச்ச?” என்றார்.

படிக்கிறவர்களுக்கு அதுதான் புரியும் என்று இழுத்தேன்.

“எங்க தெருவுலயும் இதத்தான் சொன்னாக. பொறி பட்டுச்சுன்னு சொல்லிரு, கேசு சுளுவா முடிஞ்சிரும்னு. பொறி பட்டுச்சுன்னா யார் கையிலருந்து பட்டுச்சு? எம் பக்கத்துல மருந்து செலுத்திக்கிட்டிருந்தது சுப்புத்தாய். பழி அவ தலையில விழாதா? கல்யாணம் ஆகாத பிள்ள.”

நான் பறக்கவிட்ட பொறி யார் கையிலிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

(இங்கே ஒரு சந்தேகம். இவ்வளவு நியாயமான ஒருவரைக் கதையில் வைத்தால் நம்புவார்களா? நம்பும்படி ஒரு குறை வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதையும் அவரிடமே கேட்டேன்.

“ஏ செல்வி, நடக்க முடியலங்கிறது பத்தாதா ஒனக்கு?”

பிறகு, கோபக்காரி என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். சமரசம் பேச வந்த கம்பெனி ஆள், டயருக்கு ஓடியவர் என்று சொல்லிச் சிரித்தபோது அவன் கையிலிருந்த காப்பி டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம். பாதிதான் குடித்திருந்தானாம். இதைக் குறையில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.)

4

கம்பெனி தரப்பு சொல்வது: தீ இல்லை. டயர் சத்தத்துக்கு ஓடியது வேலையில் சேராது. அவராக ஓடினார், அவராக விழுந்தார். கம்பெனியில் வேறு யாரும் ஓடவில்லை.

ஓடிய மற்றவர்கள் வேலைக்குப் பயந்து சாட்சி சொல்ல வரவில்லை. கம்பெனியின் சாட்சி, போர்மேன் நல்லசிவம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்து, சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, சேலையைச் சரிசெய்யாதே, கிட்ட இருக்கிற கதவுக்கு ஓடு, என்ன சத்தம் என்று வெளியே போய் யோசித்துக்கொள் என்று பழக்குகிறவர் அவர்தான். அன்று அவரும் ஓடினார். பொன்மணியக்கா அவர் முதுகைப் பார்த்திருக்கிறார். அதை அவர் ஒப்புக்கொண்டால், ஓடுவதும் வேலைதான் என்றாகி வழக்கு நிற்கும். அவர் வேலை நிற்குமா என்று சொல்ல முடியாது.

குறுக்கு விசாரணைக் கேள்விகளைக் குறித்துக்கொள்ள வக்கீல் நாரணாபுரம் வந்தபோது நானும் போயிருந்தேன். முதல் கேள்வியாக அவர் வைத்திருந்தது: “நீங்களும் ஓடினீர்களா?”

பொன்மணியக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

“அப்படிக் கேக்காதீக வக்கீலம்மா. ஓடுனீகளான்னு கேட்டா எந்த ஆம்பள ஆமான்னு சொல்லுவாரு, அதுவும் டயருக்கு? எந்தப் பக்கம் ஓடுனீகன்னு கேளுங்க. அதுல போர்மேன் அண்ணாச்சிக்குத் தப்பாச் சொல்ல வராது. எந்தப் பக்கம் ஓடணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரே அவருதான.”

வக்கீல் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தன் கேள்வியை அடித்து, இதை எழுதிக்கொண்டார்.

தனக்கு எதிராக நிற்கப் போகிற மனிதர் தலை குனியாமல் உண்மை சொல்ல ஒரு வழி செய்துவைத்திருந்தார் பொன்மணியக்கா. இதை இன்னும் நன்றாகச் சொல்ல ஒரு பத்தி எழுதினேன். நீளமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

5

நல்லசிவத்தை விசாரிக்கும் நாள் தீபாவளிக்குப் பிறகு. நான் பொறுக்காமல் முடிவுகளை எழுதிவிட்டேன்.

முடிவு ஒன்று: நல்லசிவம் உண்மையைச் சொல்கிறார். செல்லக்கனி பள்ளிக்கூடப் பையோடு தெருவில் நடக்கிறாள். (எனக்கு வேண்டியது இதுதான். அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: “நான் ஓடவில்லை” என்கிறார். சொல்லிவிட்டுப் பொன்மணியைப் பார்க்காமல் படியிறங்கி—

முடிவு மூன்று: கம்பெனியே இறங்கி வருகிறது. காரணம் என்னவென்றால்—

காரணம் கிடைக்கவில்லை.

மூன்றையும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது வெளியே படாரென்று ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் பொன்மணியக்காவின் கைகள் சக்கரத்தைத் தள்ளி, நாற்காலி வாசல்படியில் போய் நின்றது. நான் அதற்குள் தெருவில் நின்றேன். காகிதங்களெல்லாம் வீட்டுக்குள் கிடந்தன. யாரோ புது வெடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாத்தியா? நானாத்தான் ஓடுனேங்கிறாக. இப்ப இந்தக் கைய யாரு ஓடச் சொன்னா?”

பிறகு மூன்று முடிவுகளையும் எடுத்துவிடச் சொன்னார்.

“அண்ணாச்சி வாயில கம்பெனி ஒரு வார்த்தைய வச்சிருக்கு. நீ வேற ஒன்ன வைக்காத. கோர்ட்டுல போய் அவராச் சொல்லட்டும்.”

“சொல்லலைன்னா?”

“அவருக்கும் வீடு வாசல் இருக்குன்னு நெனச்சுக்குவேன். கேசை மேல கொண்டுபோவேன்.”

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

6

அதனால் இந்தக் கதை இங்கே நிற்கிறது. வக்கீலுக்காக அந்தக் கேள்வியை நான்தான் தட்டச்சு அடித்துக் கொடுத்தேன். அடித்தபடியே கீழே தருகிறேன். நிரப்ப உங்கள் கை முந்தும், என் கையும் முந்தியது. தயவுசெய்து எதையும் நிரப்பாதீர்கள். நல்லசிவம் கூண்டில் ஏறும்வரை அந்த இடம் அவருடையது.

கேள்வி: சத்தம் கேட்டதும் நீங்கள் எந்தப் பக்கம் ஓடினீர்கள்?

பதில்: