ரோசம்மாளின் அரை மணி நேரம்

ரோசம்மாள் சோறு தின்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மத்தியானம் சங்கு ஊதியதும் மிஷினை விட்டு எழுந்து, சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, வாகை மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நிதானமாகத் தின்பாள். ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த அந்தப் பருத்தி அரைக்கும் மில்லில் பெண்கள் இருபது பேர். மற்ற பத்தொன்பது பேரும் இடது கையால் மிஷினுக்குப் பருத்தி தள்ளிக்கொண்டே வலது கையால் கஞ்சி குடிப்போம். கஞ்சியில் பஞ்சு மிதக்கும். எனக்கு மட்டும் உட்கார்ந்து ஒரு வாய் தின்ன ஆசை இருக்காதா?

மேஸ்திரி உக்கிரபாண்டி, நாங்கள் இருமினால்கூடக் கத்துவார். அவளை ஒரு வார்த்தை சொல்வதில்லை. சிவத்த தோலைப் பார்த்து மனுஷன் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? பக்கத்து ஊர் சோழபுரம் வரைக்கும் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி வேலுத்தாயி, நீயும் வா. சங்கு ஊதுனா எல்லாத்துக்கும் அரை மணி நேரம் உண்டுன்னு கேட்டுப் பக்கம் போர்டுல எழுதியிருக்கு."

அஞ்சாம் வகுப்புப் படித்த திமிர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாக்டரி இன்ஸ்பெக்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் வந்து தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை விடிய எழுந்து ஏழு மைல் நடந்தேன். ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்தபோதுகூடக் கும்பிடத் தோன்றவில்லை. அவளுடைய அரை மணி நேரத்தைப் பறித்தாக வேண்டும், அவ்வளவுதான்.

"அய்யா, எங்க மில்லுல ரோசம்மான்னு ஒருத்தி, சங்கு ஊதுனா எந்திரிச்சுப் போயிருதா. மேஸ்திரி கேக்கதில்ல. நீங்கதான் கேக்கணும்" என்றேன்.

"அவ ஒருத்தி மட்டுமா? நீங்கள்லாம்?"

"நாங்க ஒழுங்கா வேலை பாக்கோம்யா. ரெண்டு வருசத்துல ஒரு நாளும் எந்திரிச்சதில்ல."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். ஒழிந்தாள் என்று சந்தோஷமாகத் திரும்பி நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்தார். மிஷின்களை நிறுத்தச் சொன்னார். போர்டில் இருந்ததை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ரோசம்மாள் சொன்ன அதே அரை மணி நேரம். பிறகு கூலி நோட்டைப் புரட்டினார். உட்கார்ந்து தின்றதற்காக அவளுக்குத் தினமும் அரை நாள் கூலியைப் பிடித்திருக்கிறார்கள். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மேஸ்திரி மிரட்டி வைத்திருக்கிறார். அவளுக்குக் கிடைத்த சலுகை என்று இத்தனை நாள் வயிறெரிந்தேனே, அதற்கு அவள் பாதிக் கூலியைக் கொடுத்திருக்கிறாள்.

பிடித்ததை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவானது. நாங்கள் உட்காராமல் விட்ட ரெண்டு வருஷத்துக்கு என்ன தருவீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். "மேலிடத்துக்கு எழுதிக் கேக்கிறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். அது இன்றுவரை வரவில்லை.

மறுநாள் சங்கு ஊதியதும் இருபது பேரும் வாகை மரத்தடிக்குப் போனோம். ரோசம்மாள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"இங்கன உக்காருட்டி. இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னாரு, எனக்காவ அம்புட்டுத் தூரம் நடந்து போயிப் பேசியிருக்கியே. கூடப்பெறந்தவகூடச் செய்ய மாட்டா" என்றவள், ஒரு துண்டு கருவாட்டை என் கஞ்சியில் போட்டாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இவள் கோபப்பட மாட்டாள், என்னை மன்னித்துவிடுவாள் என்று தோன்றியது. அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. திறந்த வாயால் கருவாட்டைக் கடித்தேன்.

என் சமையலைவிட நன்றாக இருந்தது, பாவி மகள்.