நாலு இஞ்சா, ரெண்டு இஞ்சா

தீனதயாளனால் ஜீப்பில் ஏற முடியவில்லை. கால் வைக்கும் படி முழங்காலுக்கு மேலே இருந்தது. மெக்கானிக் தென்னரசு பின்னாலிருந்து அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கப் போனான்.

“அந்தக் கையத் தொடாத தம்பி!” என்று துர்கா கத்தினாள்.

தென்னரசு சட்டென்று விலகினான். தீனதயாளனின் இடது முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ஆபரேஷன் செய்து வைத்த கை. அதை இழுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது. துர்கா ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டாள். அவர் அதன்மேல் ஏறி, வலது கையால் கம்பியைப் பற்றி, ஒருவழியாக சீட்டில் போய் விழுந்தார். மூச்சு வாங்கியது.

“பரவால்ல. பழகிடும்,” என்றார் தன் மனைவியைப் பார்க்காமல்.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவர்களுடையது. சிறுநீரகம் இரண்டும் போன பிறகு தீனதயாளன் கடலுக்குப் போவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த துர்காதான் அவரைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். போன வருஷ மழையில் குப்பத்துக்கு வெளியே இருக்கும் தரைப்பாலம் மூழ்கி, இரண்டு முறை போக முடியாமல் போனது. உடம்பில் நீர் ஏறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரை மறுநாள் டிராக்டரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த மழை விட்ட பிறகுதான் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு இந்தப் பழைய டீசல் ஜீப்பை வாங்கினார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. அதுவும் தீனதயாளனுக்குப் போதவில்லை. விழுப்புரத்தில் ஒரு கடை வாசலில் பார்த்த ஜீப்பைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, திண்டிவனத்தில் தென்னரசுவின் பட்டறைக்கு வந்துவிட்டார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நாலு இஞ்ச் உயரத் தூக்கி, முப்பத்திமூணு இஞ்ச் டயர் போட்ட ஜீப்.

“இதே மாதிரி வோணும்.”

“அண்ணே, இது மலை ஏறுறவனுக்கு. ரெண்டு இஞ்ச் ஏத்துவோம், முப்பது இஞ்ச் டயரு போடுவோம். உங்களுக்கு அது போதும்.”

“போதும்னு நீ சொல்ற. தண்ணில மாட்டிக்கினு கெடந்தவன் நானு.”

“நாலு இஞ்ச் தூக்குனா ஸ்டியரிங் ராடு கோணிக்கும். அவ்ளோ பெரிய டயருக்கு இந்த பிரேக்கு பத்தாது. ஆர்டிஓ பாத்தாலும் பேஜாரு.”

“பண்ணுவியா, மாட்டியா?”

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு தென்னரசு செய்து கொடுத்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் தன்னையும் ஏற்றிக்கொண்டு விக்கிரவாண்டி வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டின் போட்டு அவரை ஏற்றிய அந்தப் புதன்கிழமை மதியம் துர்கா வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று காலையிலேயே செய்தியில் சொல்லியிருந்தார்கள். வானம் மூடியிருந்தது, மழை இன்னும் தொடங்கவில்லை. லாரிகளின் மேல்பாகத்தைக்கூடப் பார்க்க முடிகிற உயரத்தில் உட்கார்ந்திருந்த தீனதயாளன் பல மாதம் கழித்துச் சிரித்தார். துர்கா சிரிக்கவில்லை. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதும், பிரேக்கை மிதித்த பிறகும் கொஞ்ச தூரம் தன்பாட்டுக்கு ஓடுவதும் அவள் உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அறுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ‘தடக்’கென்று விழுந்து எழுந்தது. ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. அடுத்த நொடி அது நடுக்கமாக இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி இழுத்தது. டேஷ்போர்டு கடகடவென்று அடித்துக்கொண்டது. வண்டி முழுசும் உதறியது. பின்னால் ஒரு டேங்கர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

“பிரேக்க மிதிக்காதக்கா! ஆக்ஸிலேட்டர மட்டும் வுடு! கெட்டியா புடி!” பின் சீட்டிலிருந்து தென்னரசு கத்தினான்.

மிதிக்கச் சொல்லித் துடித்த காலைத் துர்கா தூக்கி வைத்துக்கொண்டாள். ஜீப் இடது கோட்டைத் தாண்டி, மறுபடி உள்ளே வந்தது. டேங்கர் கண்ணாடியை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. அறுபது, ஐம்பது, நாற்பது. முப்பதுக்கு வந்த பிறகுதான் உதறல் நின்றது. ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்தினாள்.

“ராடு சரி பண்ணலாம், உதறல அடக்க டேம்பர் போடலாம்,” என்றான் தென்னரசு மெதுவாக. “கொறையும். வராதுன்னு என்னால சொல்ல முடியாது.”

“எறக்கிடு தம்பி,” என்றாள் துர்கா. “ரெண்டு இஞ்சே வையி.”

“யாரக் கேட்டு எறக்குற?” தீனதயாளன் துர்காவின் பக்கம் திரும்பினார். “தண்ணி வந்தா நா சாவணுமா?”

“தண்ணி வருசத்துல பத்து நாளு மாமா. இந்த ரோட்ல வாரத்துக்கு ரெண்டு தபா போறோம். ஓட்டுறவ நானு. என்னியக் கேட்டியா? நீ ஏற முடியாம டின்னு போட்டு ஏறுனியே, மெஷின்ல இருந்து எறங்கி வரும்போது உனக்கு நிக்கவே தெம்பு இருக்காது. அப்ப யாரு தூக்குவா?”

திரும்பி வரும் வழியெல்லாம் துர்கா நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். பட்டறை வாசலில் சாவியைத் தென்னரசுவின் கையில் கொடுத்தாள்.

வியாழன் காலையிலிருந்து மழை கொட்டியது. தென்னரசு பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாலு இஞ்சைக் கழற்றி இரண்டு இஞ்ச் வைத்தான். முப்பது இஞ்ச் டயர் மாட்டினான். இன்ஜின் காற்று இழுக்கும் குழாயை முன்கண்ணாடி உயரத்துக்கு நீட்டிக் கட்டினான். வண்டியை ஒப்படைக்கும்போது முன்பம்பரைத் தட்டிக் காட்டினான்.

“தண்ணி இதுக்கு மேல இருந்தா எறங்காதக்கா. அண்ணன் என்னா சொன்னாலும் எறங்காத.”

முந்தின மாலை வண்டியோடு வீடு திரும்பியபோது மூழ்காமலிருந்த தரைப்பாலத்தில் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம். துர்கா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஒரு மூங்கில் கழியை ஊன்றி நடுப்பாலம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள். ஈரம் ஏறியிருந்த கழியைப் பம்பரோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பம்பருக்கு நாலு விரல் கீழே.

“இன்னா?” என்றார் தீனதயாளன். அவர் முகம் அதற்குள் வீங்கியிருந்தது.

“போலாம். நிறுத்தாம போவணும்.”

அவர் இடது கையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டார். துர்கா முதல் கியரில் இறக்கினாள். சீரான வேகம். இரண்டு பக்கமும் நட்டிருந்த வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. அவற்றுக்கு நடுவே குறி வைத்துப் போனாள். பாதி தூரம் நன்றாகத்தான் போனது.

அவள் அளந்து பார்க்காத மறுபாதியில் தண்ணீர் பம்பருக்கு மேலே ஏறியது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது. திருப்பினால் திரும்புகிறது, வண்டி திரும்பவில்லை. பின்பக்கம் மெல்ல வலது பக்கம் ஒதுங்கியது. சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது, ஜீப் முன்னே நகரவில்லை. வலது பக்கத்து வெள்ளைக்கல் கதவுக்கு நேரே வந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம்.

“மாமா, இழுக்க மாட்டேங்குதே!”

தீனதயாளன் எட்டிப் பார்த்தார். இருபது வருஷம் கடலுக்குப் போன ஆள்.

“மெதக்குது,” என்றார். “வண்டி மெதக்குது துர்கா. காத்து ரொப்புன டயரு, கட்டுமரம் மாதிரி தூக்கிக்கினு போவுது. கதவத் தொற!”

“தண்ணி உள்ள வரும்!”

“வரட்டும்! கனம் ஏறணும்! தொற ஜல்தி!”

அவரே வலது கையால் தன் பக்கத்துக் கதவைத் தள்ளினார். துர்காவும் தள்ளினாள். தண்ணீர் மடமடவென்று உள்ளே பாய்ந்தது. கணுக்கால், முழங்கால், சீட்டு. ஜீப் ஒரு முறை சரிந்து, அடியில் எதையோ ‘நறநற’வென்று உரசி உட்கார்ந்தது. டயர் சிமெண்டைக் கவ்வுவது அவள் கைக்குத் தெரிந்தது.

“இப்ப குடு! மெதுவா!”

கல்லை உரசிக்கொண்டு வண்டி முன்னே நகர்ந்தது. திறந்த கதவுகள் தண்ணீரைக் கிழித்தன. மறு கரையில் ஏறியபோது இரண்டு பக்கமும் அருவி மாதிரி கொட்டியது. துர்கா நிறுத்தவே இல்லை. ஓடுகிற வண்டியிலேயே இருவரும் கதவுகளை இழுத்துச் சாத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்சவள்ளி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். “நீந்தி வந்தீங்களா?” என்று திட்டிக்கொண்டே உலர்ந்த போர்வை எடுத்து வந்தாள். எடை பார்த்தபோது நாலு கிலோ கூடியிருந்தது. நேரமாகிவிட்டதால் அடுத்த ஷிப்ட்டில்தான் மெஷின் கிடைத்தது. ஆனால் கிடைத்தது.

மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு தீனதயாளன் அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

“பயந்துட்டேன் துர்கா. போன வருசம் மூச்சு நின்னுடும்னு நெனச்சேன் பாரு, அதுலேர்ந்தே பயம்தான். உன்னிய கேக்கவே இல்ல.”

“இன்னிக்கு நா மட்டும் பயப்படலியா? நீ சொல்லலன்னா பள்ளத்துல போயிருப்போம்.” அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். “தண்ணி வடியற வரைக்கும் வீட்டுக்குப் போவல. கோலியனூர்ல என் தங்கச்சி பானுப்ரியா வூட்ல தங்கிக்கலாம். போன் பண்ணிட்டேன்.”

“செவ்வாக்கெழமையும் அங்கேர்ந்தேவா?”

“அங்கேர்ந்தேதான்.”

அவர் தலையசைத்துக் கண்ணை மூடினார். துர்கா வெளியே வந்து பானெட்டைத் தூக்கினாள். ஆயில் அளக்கும் கம்பியை உருவிக்கொண்டு தென்னரசுவுக்குப் போன் போட்டாள்.

“ஆயிலு எப்டிக்கா இருக்கு? மோர் மாதிரி வெளுத்திருக்கா?”

கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இல்ல தம்பி. கறுப்பாத்தான் இருக்கு.”

“அப்ப உள்ள தண்ணி போவல. சனிக்கெழம கொண்டாங்க, பேரிங் எல்லாம் கழுவிடலாம்.”

மழை தூறலாகியிருந்தது. நாலு கதவையும் திறந்துவிட்டு, நனைந்த கால்மிதிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பிழிய ஆரம்பித்தாள்.