மாட்டியது யார்

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே திரையில் நின்றுவிட்டார்.

கம்பெனியின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் அவன் அதைப் பார்க்கவில்லை. கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறையில், கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லா விளக்குகளும் ஒன்றாகப் பேய் பிடித்தது போல மின்னின. பக்கத்து அறையிலிருந்து கணக்கு எழுதும் அக்காவின் குரல் வந்தது.

"நெட் போச்சா? போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லுங்கப்பா."

காரணம் அவனுக்குத் தெரியும். ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாரோ சாக்கெட்டில் சொருகுகிறார்கள். அப்போது போன செய்தியே திரும்பி வரும், வந்ததே மறுபடி போகும், கம்பெனி முழுக்க ஒரே கூச்சலாகிவிடும். முதலில் சாவது வீடியோ. இது தானாக நடக்கிற காரியம் இல்லை. ஒரு கை வேண்டும்.

மாடிக்கு ஓடினான். இந்த முறையும் பிந்திவிட்டான். மீட்டிங் மேஜை நடுவில் இருந்த சாக்கெட் பெட்டியிலிருந்து எல்லா வயரையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மனைவியின் தம்பியான மச்சான் கைப்பேசியில் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மேலே வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது மச்சானுக்கு வழக்கமாகிவிட்டது. எந்தக் கேபிள் என்று பார்க்கவே விடுவதில்லை.

பேசி முடித்து மச்சான் திரும்பினான்.

"ஒவ்வொரு தடவையும் படம் நிக்கிறப்ப நீங்க கீழ ஸ்விட்ச் பக்கத்துல இருக்கீங்க. கவனிச்சீங்களா சார்?"

சார். மனைவி இருந்தவரை அவள் தம்பிக்கு அவன் மச்சான். அவள் இறந்த பிறகும் கொஞ்ச காலம் மச்சான்தான். இப்போது சார்.

"ஏதாவது ஆனா பாக்கத்தான் அங்க நிக்கிறேன்."

"ஏதாவது ஆகிட்டே இருந்தாத்தான உங்களுக்கு இங்க வேலை."

அவன் வயர்களைப் பொறுக்கக் குனிந்தான். மச்சான் தொடர்ந்தான்.

"என் ஃப்ரெண்டு கம்பெனியை வரச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை மீட்டிங் ஒழுங்கா நடந்தா நீங்க. இல்லன்னா அவங்க."

ஃப்ரெண்டு கம்பெனி. அவன் அதையும் மனதில் போட்டுக்கொண்டான்.

வேலைக்கு அவனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தோடு அவனுக்கு மிச்சம் இருந்தது இந்த வயர்கள்தான். குழந்தை இல்லை. வீட்டுக்குப் போனால் மாமியார் அழுகிறார், அதனால் போவதை விட்டுவிட்டான். குடும்பத்தின் இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மட்டும், அவன் ஏணியில் நிற்கும்போது மாமனார் வந்து அண்ணாந்து பார்த்து, "சாப்ட்டாச்சா மாப்பிள்ளை?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் வந்துகொண்டிருந்தான். இங்கே வேலை போனால் மாப்பிள்ளையும் போய்விடுவான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை பார்த்தான். வீடியோவுக்கென்று தனிப் பாதை பிரித்தான். மற்றவர்கள் நெட்டிலிருந்து எதை இறக்கினாலும் அதைத் தொடாது. வைஃபையை நம்பாமல் மேஜை வரை கேபிள் இழுத்தான். கரண்ட் போனால் தாங்க பேட்டரி வைத்தான். இப்படி ஒரே கேபிளின் இரண்டு முனையையும் மாட்டினால் தானே கண்டுபிடித்து அடைத்துவிடும் ஸ்விட்ச் ஒன்றை முன்பே கேட்டிருந்தான். மச்சான் மலிவானதை வாங்கிக் கொடுத்திருந்தான். சிக்கனமா, திட்டமா?

பிடுங்கிப் போட்ட வயர்களைப் பழையபடி மாட்டினான். அவற்றில் ஒன்று நீலநிறம், மற்றதைவிட நீளம். அவன் மனைவியுடையது. அப்பாவுக்கு அடுத்த நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாள். லேப்டாப்புக்கு எட்டவில்லை என்று அவனிடம் சண்டை போட்டு வாங்கியது. அதன் ஒரு முனையை மாட்டினான். மறுமுனை மேஜை ஓரம் தொங்கியது. அதை எடுத்துவிட யாருக்கும் கை வரவில்லை. அதைத் தொடும்போது மட்டும் அவனுக்கு யோசனை ஓடுவதில்லை.

திங்கட்கிழமை அவன் கீழே போகக் கிளம்பியபோது மச்சான் நாற்காலியைக் காட்டினான்.

"எங்க போறீங்க? இங்கயே உக்காருங்க. கண்ணு முன்னாடி."

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். இருவர் கையும் மேஜைமேல். மச்சான் மூக்கைச் சொறிந்தாலும் அவன் பார்த்தான். அவன் பேனாவை நகர்த்தினாலும் மச்சான் பார்த்தான். திரையில் வாடிக்கையாளர் தெளிவாகத் தெரிந்தார், அவர் சட்டைப் பொத்தான் வரை.

மாமனார் வழக்கம் போலக் கடைசியாக வந்தார். திரைக்கு ஒரு கும்பிடு போட்டார். தன் இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை நேராக வைத்தார். காகிதங்களைத் தட்டி அடுக்கினார். தொங்கிய நீல வயரைக் கண்டார். தூசியை விரலால் துடைத்தார். சாக்கெட் பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் அதைச் சொருகினார்.

க்ளிக்.

வாடிக்கையாளர் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார். கீழே கணக்கு அக்கா யாரையோ திட்டினாள்.

மச்சான் மாமனாரைப் பார்க்கவே இல்லை. இவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். மாமனார் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நீல வயரின்மேல் இருந்தது. அவன் எட்டி, அந்தக் கைக்குப் பக்கத்தில் முனையை அழுத்தி வெளியே உருவினான். கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர் சிரிப்பின் மறுபாதியைச் சிரித்தார்.

"மாட்டுனீங்களா?" மச்சான் எழுந்து நின்றான். "கையும் களவுமா. வயரைக் கையில வச்சிருக்கார் பாருங்கப்பா."

அவன் கையில் வயர் இருந்தது. வாடிக்கையாளர் அந்தப் பக்கத்திலிருந்து மரியாதையாகக் காத்திருந்தார்.

"உக்காருடா. அவர் இப்பதான் கழட்டினாரு," என்றார் மாமனார். "மாட்டுனது நான்."

"நீங்களா? எதுக்குப்பா?"

"அவ வயரு. தொங்கிட்டே இருந்துச்சு." அவன் பக்கம் திரும்பினார். "எப்பவும் மாட்டித்தான் வைப்பேன். அதனாலயா மாப்பிள்ளை எல்லாம்?"

"ஆமா மாமா."

மச்சான் உட்கார்ந்தான். மைக்கை அணைக்க மறந்திருந்தது நினைவுக்கு வர, வாடிக்கையாளரைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். கூட்டம் கடைசிவரை நடந்தது. ஒரு முகமும் நிற்கவில்லை. மாமனார் பிறகு எதையும் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் அவர் கேட்டார். "அப்ப அதை எடுத்துருவீங்களா?"

"வேண்டாம் மாமா."

கீழே போனான். காலியாக இருந்த அந்தச் சாக்கெட்டுக்குப் போகும் இணைப்பை ஸ்விட்சிலிருந்து கழற்றினான். மேலே வந்து நீல வயரின் முனையை எடுத்து மாமனார் கையில் கொடுத்தான்.

"இப்ப மாட்டுங்க. ஒண்ணும் ஆகாது."

அவர் மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

கதவருகே மச்சான் நின்றிருந்தான்.

"அடுத்த மீட்டிங்குக்கும் மேலயே உக்காருங்க."

"இன்னும் சந்தேகமா?"

"உங்க மேல இல்ல மச்சான். அப்பா கையைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல."