திங்கட்கிழமை மெமோ

1

இந்தக் கதையின் முதல் பிரதியை 1991 மே மாதம் எழுதினேன். அப்போது அதற்குப் பெயர் மெமோ. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் நான் சூப்பர்வைசர். கதாநாயகி, சுருள் சுற்றும் பிரிவில் இருந்த பரிபூரணம். ஜனவரி 7, பிப்ரவரி 4, மார்ச் 4, ஏப்ரல் 2, ஏப்ரல் 29 ஆகிய தேதிகளில் அவள் வேலைக்கு வரவில்லை. ஒன்றைத் தவிர எல்லாம் திங்கட்கிழமை. ஞாயிறு ஊர்சுற்றிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்கிறாள் என்பது என் கற்பனை வளம். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை என்று முடித்திருந்தேன்.

(எங்கள் யூனிட் சுருள் ஒன்றை உருட்டிவிட்டால் நாலைந்து ஊர் தாண்டிப் பிளவக்கல் அணை வரை போகும். நானே பின்னால் நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன். இதை யூனிட்டே நம்பியது. பரிபூரணம் வயிற்றுவலி என்றால்தான் ஒருவரும் நம்பவில்லை.)

2

இப்போது திருத்தி எழுதுகிறேன். வேறு தொடக்கங்கள்:

பரிபூரணத்துக்குப் பேய் பிடித்திரு—

வேண்டாம். பக்கத்து ஊரான சோழபுரத்துப் பேய்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. இவ்வளவு ஒழுங்காக வருகிற பேய் அங்கே கிடையாது.

பரிபூரணம் நன்றாக நடிக்கி—

இது மெமோவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அடித்தும் தெரிகிறது. தெரியட்டும்.

அவளிடமே போகிறேன். அந்த நாட்களில் அவளுக்கு அடிவயிற்றைப் பிடித்துத் திருகியது போலிருக்கும். இடுப்பு கழன்று விழும். வாந்தி வரும். "எல்லாப் பொம்பளைக்கும் வாரதுதானட்டி" என்றார் மாமியார். இரண்டு வருடம் முன்பு ஒரு டாக்டர் குடல்வாலை எடுத்தார். குடல்வால் போனது, வலி போகவில்லை. வேலையும் போய்விட்டால், சோம்பேறி என்ற பெயர் ஊர்ஜிதமாகிவிடும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"விளக்கத்தோட ஒரு சர்டிபிகேட்டும் வச்சுக் குடுப்போம், வா" என்று பக்கத்து மெஷின் நசீமா அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றினாள்.

3

டாக்டர் கிருபாபாய் வயிற்றைத் தொடும் முன்பே மெமோவை வாங்கிப் படித்தார். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இந்தத் தேதியில எல்லாம் தீட்டா?"

பரிபூரணம் விரல் விட்டுப் பார்த்தாள். "ஆமாம்மா! அஞ்சும்."

"வெளிக்குப் போறப்ப வலிக்குமா?"

"அந்த நாள்ல மட்டும் உசிரு போயிரும்."

"வீட்டுக்காரர் கூட இருக்கையில?"

[இந்தக் கேள்வியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் டாக்டர் கேட்டுவிட்டார்.]

பரிபூரணம் மின்விசிறியைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"பிள்ளை?"

"கலியாணமாகி ஆறு வருசமாச்சு. இல்ல."

"இது எல்லாருக்கும் வார வலி இல்ல தாயி. கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற சவ்வு மாதிரியே, வெளிய முட்டைப்பை, குடல் பக்கமெல்லாம் வளந்திருக்கலாம். மாசாமாசம் அதுவும் சேந்து ரணமாகும். எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. மதுரையில வயித்துக்குள்ள லேப்ராஸ்கோப் குழாய் விட்டுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்."

"அப்ப நான் நடிக்கலையாம்மா?"

"நீ நடிக்கல. இதை எழுதினது யாரு?"

"சூப்பர்வைசர் கருத்தையாண்ணன்" என்றாள் நசீமா.

"நல்லா எழுதியிருக்காரு. என்ன எழுதியிருக்கோம்னுதான் அவருக்குத் தெரியல."

என் எழுத்துக்கு இதுவரை வந்த ஒரே விமர்சனம் இது.

4

முடிவு ஒன்று: வெட்கத்தில் மெமோவை நானே கிழித்துப் போட்டேன். (பொய். டாக்டர் கடிதத்தைப் பார்த்து முதலாளி ரத்து செய்தார். நான் பேனா எடுத்துக் கொடுத்தேன்.)

முடிவு இரண்டு: பரிபூரணத்துக்கு இரட்டைக் குழந்தை பிற—

இதைப் படித்துக் காட்டியபோது அவள் நிறுத்திவிட்டாள். "பிள்ளையப் போட்டு முடிச்சிராதீகண்ணே. வலி நின்னுச்சான்னு மொதல்ல கேளுங்க."

கேட்டேன். மதுரையில் பார்த்து உறுதி செய்து, வெளியே வளர்ந்திருந்ததை எரித்து எடுத்தார்களாம். மறுபடி வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். "இருந்தாலும் இப்ப திங்கக்கிழமையும் மத்த கிழமை மாதிரித்தான் இருக்கு."

பிறகு பெட்டியிலிருந்து அந்த மெமோவை எடுத்து என் முன் வைத்தாள். 'விளக்கம்' என்ற தலைப்பின் கீழ் காலியாகவே இருந்தது.

"இதுல இப்ப நீங்க எழுதுங்க" என்றாள்.

எழுதியாயிற்று. ஏழு நாள் கெடு முடிந்து எட்டு வருடம் ஆகிறது. ஆகவே வாசகர் அவர்களே:

மேற்கண்ட விளக்கம் ஏற்கப்பட்டது / ஏற்கப்படவில்லை.

(வேண்டாததை அடிக்கவும்.)