துவைகல்லின் மறுபக்கம்

ஐம்பத்துநாலாம் வருஷத்து ஐப்பசி மழையில் கூலி வீட்டு வரிசையான லயத்தின் குழாயடித் துவைகல் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டியதும் துவைக்க வந்து நின்ற அழகுத்தாய் கத்தினாள். "செல்லத்தொரண்ணே, இங்க வாங்க! கல்லுல எழுத்துல்ல இருக்கு!"

அந்தப் பீர்மேட்டு எஸ்டேட்டில் எழுத்து என்றால் செல்லத்துரைதான். தேயிலை பேக்டரி வேலை முடிந்து வந்தால் லயத்துக்கே கடிதம் எழுதுவார், வருகிறதை வாசித்துக் காட்டுவார். அவருக்கென்று ஒரு தபால் கார்டு வந்து பதினோரு வருஷமாகிறது. தாயும் தாரமும் போனபின் எழுத யார் இருக்கிறார்கள்?

மண்ணைக் கழுவிவிட்டு வாசித்தார். உளியால் கோணல்மாணலாய்க் கொத்தியிருந்தது: மூக்கம்மாள். வெள்ளாரம்பட்டி. வயது பத்தொன்பது. கொல்லம் 1060. மலையாளத்துக் கொல்லம் ஆண்டைக் கணக்குப் போட்டால் எழுபது வருஷம். பிறகு வந்த யாரோ கல்லறைக் கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் துவைகல் ஆக்கியிருக்கிறார்கள். இனி அதில் துவைக்க மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட, குழாயடிக்கு மேலே நிமிர்த்தி நட்டார்கள்.

வெள்ளாரம்பட்டிக்கு எழுத வேண்டும் என்று செல்லத்துரைக்கு ஒரே தவிப்பு. எழுதினால் பதில் வரும். தன் பேருக்கு வரும். அந்த ஆசையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊருக்கெல்லாம் எழுதிய கை, தனக்கென்று எழுத உட்கார்ந்ததும் ஓடவில்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி அடித்தார். யார் நலம்? சாவுச் சேதிக்கு மூலையில் கருப்பு மை தடவ வேண்டும். எழுபது வருஷத்துச் சாவுக்கும் உண்டா? கல் கிடைத்தது நல்ல சேதி என்றால் மஞ்சள் தடவ வேண்டும். ஒன்பது கார்டு வீணானது. அலங்காரமெல்லாம் ஒவ்வொன்றாய்ப் போய், கல்லில் இருந்ததும், 'நட்டு வைத்திருக்கிறோம்' என்ற ஒரு வரியும், தன் விலாசமும் மிஞ்சின. மூலையில் எதையும் தடவாமல் ஊர் நாட்டாமைக்குப் போட்டார்.

மாசி பிறந்தபோது பதில் வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். விலாசத்தில் முதல் பேர் மூக்கம்மாள். செல்லத்துரை பேர் அதற்குக் கீழே.

'பெரியம்மாளுக்கு, உன் தங்கச்சி மகள் சந்தனம் எழுதுவது. நீ எவனோடோ ஓடிப்போய்ச் சுகமாக இருக்கிறாய் என்று எழுபது வருஷமாய் ஏசிவிட்டோம். பத்தொன்பதிலேயே போய்விட்டாய் என்று தெரியாது. மனசில் வைக்காதே. தையில் பிறந்த என் பேத்திக்கு உன் பேர் வைத்திருக்கிறோம்.'

அவ்வளவுதான். செல்லத்துரை கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"ஒங்களுக்கா வந்திருக்கு?" என்றாள் அழகுத்தாய்.

"எனக்கில்ல அழகு. வாசிச்சுக் காட்டத்தான்."

கல்லுக்கு எதிரே குத்தவைத்து, லயத்து ஆட்களுக்கு வாசிப்பதுபோலவே நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முடித்ததும், பழக்கதோஷம், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"சொல்லு தாயி, பதில் என்ன எழுதட்டும்?"