வழியனுப்பிய வாசல்

இல்லை, இந்தக் கூட்டத்திலும் இல்லை, பெயர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டிரைவர்கள், பூங்கொத்தோடு தவிக்கிற ஒரு புது மாப்பிள்ளை, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா, எல்லாரும் இருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் இல்லை, அவர் உயரத்துக்கு எந்தக் கூட்டத்திலும் தலை தனியாகத் தெரியும், கல்யாணப் போட்டோவிலேயே பாதித் தலை சட்டத்துக்கு வெளியே போன மனுஷன்... போன் அடித்தால் அணைத்து வைத்திருக்கிறார், சார்ஜை மிச்சம் பிடிக்கிறாராம், மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப்போகிறாரோ. இந்தத் தள்ளுவண்டி வேறு, ஒரு சக்கரம் முரண்டு பிடிக்கிறது, நான் வலப்பக்கம் என்றால் அது இடப்பக்கம், பரவாயில்லை, இத்தனை வருஷமாகப் பழகின சண்டைதான். வந்துவிடுவார். வராமல் எங்கே போவார்? ஐயோ, இந்தக் கேள்வியைத்தானே கேட்கக் கூடாது என்று விமானத்தில் வழி நெடுக மனசை அதட்டிக்கொண்டு வந்தேன், பெட்டியை எடுப்பதற்குள் அது எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

"அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சும்மா" என்று மகள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பிரசவத்துக்காக நான் அங்கே போன நாளிலிருந்து இவர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், தனியாக இருக்கிறவர் போனில் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் என்ன, பேசுவதற்கு வேறு ஆள் இல்லை, கேட்கட்டுமே. ஆனால் எதிர் வீட்டுக் கதவில் நம் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாராம், அதை எதிர் வீட்டுக்காரி ஏதோ வேடிக்கை போலச் சொல்ல, மகள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "நீ போய்ப் பாரும்மா. உன்னைக் கூட்டிட்டுப் போக ஒழுங்கா ஏர்போர்ட்டுக்கு வந்து சேர்றாரான்னு முதல்ல பாரு. சரியில்லைன்னா வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க." வீட்டை விற்பதாமே... சமையலறை அலமாரியை அவரே அடித்தார், அதன் கதவு இன்றைக்கு வரைக்கும் மூடாது, மூடாத அந்தக் கதவை யார் வாங்குவார்கள், வாங்கினால்தான் நான் கொடுத்துவிடுவேனா? சரி, நானும் ஒரு பரீட்சை தயார் பண்ணி வைத்திருக்கிறேன், வீட்டுக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்ததும், எந்த ஸ்டேஷனில் மாறணும் என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்பது. இத்தனை வருஷமும் அவர்தான் வழி சொல்லி, நான் பின்னால் போய்ப் பழக்கம். ஆனால் பரீட்சை எழுத ஆள் வரவேண்டுமே.

விசாரணைக் கவுண்டர் பெண் மைக்கில் அவர் பெயரைச் சொன்னாள், அவ்வளவு அழகாக அந்தப் பெயரை நான்கூடச் சொன்னதில்லை, பலன் இல்லை. ஒருவேளை ரயிலை விட்டு இறங்கி அங்கேயே நிற்கிறாரோ என்று லிஃப்டில் கீழே ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன், வண்டியைத் தடுப்புக்கு அப்பால் விடமாட்டோம் என்றார்கள், வெளியே நின்றே ஒரு ரயில் வந்து காலியாவதைப் பார்த்தேன், ஆட்கள் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து வெளியே வந்தார்கள், கடைசி ஆள் வரைக்கும் உயரம் குறைவு. யோசி. பதறாமல் யோசி. வேலையில் இருந்த காலமெல்லாம் ரயில்வே ஸ்டேஷனில் சாமான் காக்கிற அறையில் உட்கார்ந்திருந்தவர், "எந்த ஜன்னல்ல குடுத்தீங்களோ அந்த ஜன்னல்லதான் வாங்கணும்" என்று அங்கே சொல்லிச் சொல்லி, வீட்டில் கத்தரிக்கோலுக்கும் அதே சட்டம்தான்... ஜன்னல். கடவுளே. என்னை வழியனுப்பினது இந்தக் கட்டடத்தில் இல்லையே, பழைய முனையத்தில், மேல்மாடியில், புறப்படுகிறவர்கள் வாசலில்.

இரண்டு முனையங்களுக்கும் நடுவே ஓடுகிற இலவச பஸ் ஊர்ந்துகொண்டு போகிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் கொட்டாவி விட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறார், எனக்கானால் இறங்கித் தள்ளலாம் போல இருக்கிறது. அங்கே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அங்கே இருந்தால் என்ன அர்த்தம் என்றும் தெரிகிறது, வருகிறவளைக் கூட்டிப்போக, புறப்படுகிறவர்கள் வாசலில் போய் நிற்கிற ஆளைப் பற்றி மகள் என்ன சொல்வாள்... சொல்லட்டும். முதலில் இருக்கட்டும்.

இருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், என் பழைய குடையைக் கையில் வைத்துக்கொண்டு, போகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி, ஆனால் இடத்தை மட்டும் விடாமல் நின்றார். எனக்கு அழுகை வந்தது, நேரே போய்ச் சண்டை போட்டேன். "ஏங்க, வர்றவங்க இந்த வழியா வருவாங்களா? உங்களை எங்கெல்லாம் தேடறது?" அவர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியை வாங்கிக்கொண்டார், அவரிடம் அது நேராகப் போனது. "நீதானே சொன்ன, கொண்டுவந்து விட்ட இடத்துலயே வந்து எடுத்துக்கோங்கன்னு." நானா? "போன வாரம். குழந்தை அழுதுட்டிருந்தது. நீ பால் கலக்கிட்டே பேசின. நான்கூட, அது போறவங்க வாசலாச்சேன்னு கேட்டேன். சொன்னதைச் செய்ங்கன்னு சிரிச்ச." பால் கலக்கினது ஞாபகம் இருக்கிறது, ஸ்பூன் டப்பாவுக்குள் விழுந்தது, குழந்தை வீறிட்டது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டது, எல்லாம் இருக்கிறது, அந்த வார்த்தை மட்டும்... சிரித்தேனா? சிரித்திருப்பேன், அப்படி ஒன்றைச் சொல்லக்கூடிய ஆள்தான் நான். அல்லது இவரே...

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது, அப்பா ஒழுங்கா வந்தாரா என்று. எனக்கு முன்னாலேயே வந்து நின்றார் என்று பதில் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "இளைச்சுட்ட" என்றார், கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "இளைச்சுட்ட" என்றார், இரண்டு தரமும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, பேச்சுவாக்கில் கேட்கிறவள் போல, "நாம எங்க மாறணும்?" என்றேன். "ஆத்துப் பாலம் தாண்டினதும் வர்ற ஸ்டேஷன். எதிர் பிளாட்பாரம்தான், படி ஏற வேண்டாம்." யோசிக்காமல் சொன்னார், கணீரென்று சொன்னார், நான் தலையாட்டத் தொடங்கினேன், தலை பாதியில் நின்றது. ஆத்துப் பாலம் தாண்டினதுமா, பாலத்துக்கு முன்னாலேயா... சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் இருந்ததா? கதவுக்கு மேலே வரைபடம் ஒட்டியிருந்தது, தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். தூக்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ரயில் பாலத்தின் மேல் ஏறியது.