வாத்துக்காரியின் வாய்

ஹெர்மினாவின் தாடையைச் சுற்றி அண்டைவீட்டுக்காரி கட்டியிருந்த கைக்குட்டையை மகள் போரிஷ்கா அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உயிர் பிரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பு விறைத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முடிச்சு தளர்ந்ததும் அம்மாவின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. யாரையோ அதட்டப் போகிற வாய்.

வாளியும் ஸ்பாஞ்சும் பிளாஸ்டர் மூட்டையுமாக வாசலில் நின்ற லோரின்ஸ் அதைப் பார்த்துவிட்டார். அம்மா சிற்பியாக வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையில் அச்சு வார்ப்பவர் அவர். இறந்துபோன சிற்பிகளின் முகத்தை அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டுவது அங்கே வழக்கம்.

“ஏம்மா அவுத்த? முப்பது வருஷமா இந்த வாயை மூடப் பாத்தேன். இன்னைக்குத்தான் வாய்ச்சுது.”

“இன்னைக்கும் வாய்க்காது மாமா.”

அவர் சிரித்தார். சிரித்ததற்காகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், சந்தையில் வாயைப் பிளந்து கூவுகிற வாத்துக்காரக் கிழவி ஒருத்தியை அம்மா பொம்மையாகச் செய்தாள். உழைக்கும் பெண் கத்தக் கூடாது, புன்னகைக்க வேண்டும் என்றது மேலிடம். லோரின்ஸ் ஒரு சிட்டிகைக் களிமண்ணை அப்பி, ஸ்பாஞ்சால் தேய்த்து வாயை மூடினார். அம்மா சும்மா இருப்பாளா? சூளைக்குப் போகுமுன் அலமாரியில் காய்ந்த நாற்பது பொம்மைகளின் வாயையும் சுரண்டித் திறந்துவிட்டாள். நாற்பதையும் உடைத்துப்போட்டு, எட்டு வருஷம் அவளைக் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்ட வைத்தார்கள். ஒட்டினாள், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மறுபடி வார்த்த வாத்துக்காரி ஹங்கேரி முழுக்க வீட்டு அலமாரிகளில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“என் மூஞ்சியையும் தேச்சுடுவான்டி, பாத்துக்க.” இன்று காலை மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா சொன்னது இதுதான்.

லோரின்ஸ் முகத்தில் எண்ணெய் தடவி, வாய்க்குள் ஈரப் பஞ்சு வைத்து, பிளாஸ்டரை ஊற்றினார். இறுகியதும் அச்சைக் கழற்றித் திருப்பினார். உள்ளே எல்லாம் தலைகீழ். மூக்கு இருந்த இடம் பள்ளம், திறந்த வாய் ஒரு சின்ன மேடு. அவருடைய கட்டைவிரல் அந்த மேட்டின்மேல் போய் நின்றது.

“இதைத் தட்டிவிட்டா வாய் மூடிக்கும். அமைதியா இருப்பா. இல்லேன்னா தொழிற்சாலை இயக்குநர் கேப்பாரும்மா.”

“கேக்கட்டும். அம்மாவே பதில் சொல்லட்டும்.”

“எனக்கும் குடும்பம் இருக்கு.”

“அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்களாம்.”

அவர் வாளியைப் பார்த்தார். போரிஷ்காவுக்கு அழுகை வந்தது; கோபம் முந்திக்கொண்டது. அச்சை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“இதை நான் கொண்டு வரேன். வார்க்கும்போதும் பக்கத்துலயேதான் நிப்பேன். ஸ்பாஞ்சு இங்கேயே இருக்கட்டும்.”

அண்டைவீட்டுக்காரியை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு இருவரும் பேருந்தில் ஏறினார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்த அச்சின் மேட்டை அவள் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கிளம்பும்போது தொட்ட அம்மாவின் கன்னம் சில்லிட்டிருந்தது. இறுகும்போது சூடேறிய பிளாஸ்டர் இன்னும் ஆறவில்லை. தொழிற்சாலை வாசல்வரை அவள் கையை எடுக்கவில்லை.